தடைக்காலத்தில் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்

கேள்வி:

வணக்கம் மேடம். காசிமேட்டில் இருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார், நான் மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். மூத்த பெண் பிளஸ் டூ முடித்துவிட்டாள். ஒன்றாவதில் இருந்தே தமிழ் மீடியம். ஆறாவதில் இருந்து ராயபுரத்தில் எய்டட் ஸ்கூல். கணக்கில் 94, பிசிக்ஸில் 88, கெமிஸ்ட்ரியில் 90. நாங்கள் எம்பிசி. எங்கள் இரண்டு பக்கத்திலும் டிகிரி முடித்தவர்கள் யாரும் கிடையாது. பெண்ணுக்குக் கணக்கு என்றால் உயிர். அண்ணா யுனிவர்சிட்டி, பிரசிடென்சி என்று பேசுகிறாள். தெரிந்தவர் ஒருத்தர், தனியார் யுனிவர்சிட்டியில் ஏஐ கோர்ஸ் சீட் வாங்கித் தருகிறேன் என்கிறார். வருஷத்துக்கு இரண்டே முக்கால் லட்சம். இந்த வாரமே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கட்டினால்தான் சீட் நிற்குமாம். "அண்ணா யுனிவர்சிட்டி எல்லாம் 199 வாங்கினவங்களுக்கு. உங்களுக்கு எங்க கெடைக்கும்?" என்று சொல்கிறார். மகளிர் குழுவில் லோன் போட்டுக் கட்டிவிடலாமா? கவர்மென்ட் காலேஜில் போட்டால் பிள்ளை கெட்டுவிடும் என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார். சின்னவன் கார்ப்பரேஷன் ஸ்கூலில் ஒன்பதாவது. அவனையாவது பிளஸ் ஒன்னுக்கு நல்ல தனியார் பள்ளியில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். சரிதானா?

— பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்:

சகோதரி, அந்த ஐம்பதாயிரத்தைக் கட்டாதீர்கள். குழுவில் லோனுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள். மகளுக்கு எந்தக் கல்லூரி என்பதை ஆற அமரப் பேசலாம். பணம் கைமாறிவிட்டால் அப்புறம் வீட்டில் நடக்கும் பேச்செல்லாம் அந்தப் பணத்தைச் சுற்றித்தான் ஓடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கட்டிக் கிடக்கும், வீட்டில் காசு புரளாது. பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதம். தனியார் கல்லூரிகள் அட்வான்ஸ் கேட்டு நெருக்குவதும் அதே மே மாதம்தான். நகையை வைத்தோ வட்டிக்கு வாங்கியோதான் நீங்கள் கட்டுவீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்த அந்த மனிதருக்கும் தெரியும். அரசின் பொறியியல் கலந்தாய்வு வழியாகப் போனால் இப்போதைக்குச் செலவு விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய். கலந்தாய்வு ஜூலை, ஆகஸ்டில் நடக்கும். கல்லூரிக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகு. அதற்குள் படகு கடலுக்குப் போய் ஒரு மாதமாவது ஆகியிருக்கும்.

'இந்த வாரம் கட்டாவிட்டால் சீட் போய்விடும்' என்பதை நான் நம்ப மாட்டேன். கூட்டம் முண்டியடிக்கிற கோர்ஸுக்கு ஆள் வைத்துப் பிள்ளை பிடிக்க வேண்டிய தேவை இல்லை. ஆகஸ்டில் போய்க் கேட்டாலும் அந்த சீட் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், சில இடங்களில் விலைகூடக் குறைந்திருக்கும்.

இனி மார்க்குக்கு வருவோம். பொறியியல் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்குப் பாட மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்குவார்கள். உங்கள் மகளுக்கு 94, 44, 45. ஆக 183. அந்த 199 கதை பாதி உண்மை. அண்ணா யுனிவர்சிட்டியின் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பொதுப் பிரிவில் அந்த உயரத்தில்தான் முடிகிறது. எம்பிசி ஒதுக்கீட்டிலும் 183-க்கு அது வராது. நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கிண்டி என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும்தானா? சிவில், மைனிங், மெட்டீரியல் சயின்ஸ், பிரிண்டிங் அண்ட் பேக்கேஜிங், ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் என்று அந்த வளாகத்திலேயே எத்தனையோ பிரிவுகள். பக்கத்திலேயே ஏசி டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அங்கே டெக்ஸ்டைல், லெதர், செராமிக். குரோம்பேட்டையில் அதே யுனிவர்சிட்டியின் எம்ஐடி, அங்கே ரப்பர் அண்ட் பிளாஸ்டிக்ஸ், புரொடக்‌ஷன். இவற்றின் கட் ஆஃப் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நன்றாகவே இறங்கி வரும். கலந்தாய்வு இணையதளத்திலேயே முந்தைய ஆண்டுகளின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும், ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு வகுப்பினருக்கும் கடைசி சீட் எந்த மார்க்கில் முடிந்தது என்று அதில் போட்டிருக்கும். எம்பிசி என்ற கட்டத்தில் விரலை வைத்து மகளையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள். 183-ஐ ஒட்டி எவையெல்லாம் முடிந்திருக்கின்றன என்று அவள் தன் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும். உங்கள் தெரிந்தவர் சொன்னதற்கு அதுவே பதில்.

மொத்த இடங்களில் பொதுப் பிரிவு போக 69 சதவீதம் இட ஒதுக்கீடு, அதில் எம்பிசிக்கு 20. உங்கள் தெரிந்தவர் சொல்வது போன்ற தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை. அவர் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் உங்கள் சாதிச் சான்றிதழுக்கு எந்த வேலையும் இருக்காது. முதல் பட்டதாரிச் சலுகையும் அங்கே கிடைக்காது, அது ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் சேருகிறவர்களுக்குத்தான்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, வடசென்னையில் இதில் ஏமாந்து வருகிறவர்களை ஒவ்வொரு ஜூனிலும் பார்க்கிறேன். "இதுவும் அண்ணா யுனிவர்சிட்டிதாம்மா" என்று சொல்லி எங்கோ பொட்டல் காட்டில் இருக்கும் கல்லூரியில் சேர்த்துவிடுவார்கள். மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான தனியார் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கின்றன, பட்டத்தில் அந்தப் பெயரே வரும். அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் உங்கள் மகள் 'அண்ணா யுனிவர்சிட்டி' என்று சொல்வது பல்கலைக்கழகமே நேராக நடத்தும் சென்னை வளாகங்களை. அதைப் பிரித்தறிய எளிய வழி, கலந்தாய்வின் கல்லூரி எண். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு 1. ஏசி டெக்குக்கு 2. எம்ஐடிக்கு 4. நடுவில் உள்ள 3 கட்டடக்கலைப் பள்ளி, கட்டடக்கலைப் படிப்புக்குத் தனித் தேர்வு இருப்பதால் விட்டுவிடலாம். யாராவது நான்கு இலக்க எண்ணைக் காட்டி 'இதுவும் அதுதான்' என்றால், இல்லை என்று மகளே சொல்லிவிடுவாள்.

சாய்ஸ் நிரப்புவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தரவரிசை வந்ததும் உங்கள் சுற்றில் விருப்பப் பட்டியல் போடச் சொல்வார்கள். எத்தனை கல்லூரி, எத்தனை பிரிவு வேண்டுமானாலும் போடலாம். கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வரும். உங்கள் மகளின் முறை வரும்போது பட்டியலில் எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், கீழே எதையும் பார்க்காது. இதில் அடங்கியிருப்பது இரண்டு விஷயம். கிடைக்காது என்று தோன்றுகிற ஒன்றை உச்சியில் போடுவதால் நஷ்டமே கிடையாது. அது இல்லையென்றால் அடுத்ததற்குப் போகும், அடுத்ததில் உங்கள் உரிமை குறையாது. 'இதுவாவது கிடைக்கட்டும்' என்று பயந்து சாதாரணக் கல்லூரி ஒன்றை மேலே போட்டால் அதுவே கிடைக்கும், அதைவிட நல்லது கீழே காலியாக இருந்தாலும் கிடைக்காது. நல்ல ரேங்க் வைத்திருந்தும் வீட்டுப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டு ஆகஸ்டில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் தலைமுறைப் பிள்ளைகள்தான். 'நமக்கெல்லாம் எங்கே' என்கிற நினைப்பில் போடுகிற வரிசை அது.

அதனால் மகளிடம் சொல்லுங்கள்: எது கிடைக்கும் என்று யோசிக்காமல், எது வேண்டும் என்று மட்டும் யோசித்து வரிசைப்படுத்து. 1, 2, 4 மூன்றிலும் படிக்கத் தயாராக இருக்கும் எல்லாப் பிரிவுகளும் முதலில். அதற்குக் கீழே கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), காரைக்குடி அழகப்பா செட்டியார், சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி. கோவை பிஎஸ்ஜியிலும் மதுரை தியாகராசரிலும் உள்ள அரசு உதவி பெறும் இடங்கள். வெளியூருக்கு அனுப்ப மனம் வராது என்றால் போட வேண்டாம், போட்டுவிட்டுப் பிறகு மறுப்பதைவிட அதுவே மேல். ஆனால் 'பெண் பிள்ளை, ஹாஸ்டலா' என்கிற ஒரே காரணத்துக்காக என்றால், மகளிர் விடுதி உள்ள அரசுக் கல்லூரியைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கோவை ஜிசிடி 1945-லிருந்து இருக்கும் கல்லூரி. பெரிய தனியார் கட்டடங்களைப் பார்த்த கண்ணுக்கு முதலில் சப்பென்றுதான் இருக்கும்.

இன்னொன்று. நிரப்புவது மகளின் கையாகத்தான் இருக்க வேண்டும். மிண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் ரெடிமேடாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், வருகிறவர்களுக்கெல்லாம் அதையே தட்டிவிடுவார்கள். அவர்களுக்கு யார் கமிஷன் கொடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் எண் உங்கள் வீட்டு எண்ணாக இருக்கட்டும். ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். கம்ப்யூட்டர் வீட்டில் இல்லையென்றால் அரசு உதவி மையங்களில் இலவசமாகச் செய்யலாம். ஒதுக்கீடு வந்த பிறகு 'ஏற்கிறேன், ஆனால் மேலே உள்ளது காலியானால் அது வேண்டும்' என்றும் ஒரு தேர்வு உண்டு. பலரும் அதைப் படிக்காமல் முதல் கட்டத்தை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

'ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ், மைனிங் எல்லாம் படித்து என்ன செய்வது, ஏஐ அல்லவா இப்போது?' என்று அடுத்த கேள்வி வரும். கிண்டிக் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. ஜியோ-இன்ஃபர்மேட்டிக்ஸ் அந்தப் பழைய வேலையின் இன்றைய முகம்: செயற்கைக்கோள் படம், வரைபடம், இருப்பிடக் கணக்கு. உங்கள் வீட்டுக்காரர் படகில் ஜிபிஎஸ் பார்த்து இடம் குறிக்கிறாரே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். கணக்கு உயிர் என்று சொல்லும் பெண்ணுக்கு இது அந்நியமான பாடமில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளை இந்த வளாகங்களுக்கெல்லாம் பொதுவாக ஒரே மையம்தான் ஒருங்கிணைக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகள் பலவும் பிரிவு பார்க்காமல் தேர்வு வைத்து எடுக்கின்றன. புதிதாக முளைத்த ஏஐ வகுப்பில், நேற்று வேறு பாடம் நடத்தியவர் இன்று ஏஐ நடத்திக்கொண்டிருக்கலாம். பிரிவின் பெயரைப் பார்த்துப் பணம் கட்டுகிற காலம் இது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தால், ஐஐடி மெட்ராஸ் 2020-ல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆன்லைனில் பாடம், தேர்வு மட்டும் நேரில். ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதித் தேர்வு போதும். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகை தருகிறார்கள். இன்னொரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். முதல் செமஸ்டரில் மட்டும் வேண்டாம், இரண்டு குதிரையில் ஏறாமல் கல்லூரியில் கால் ஊன்றட்டும்.

ஏனென்றால் முதல் செமஸ்டர் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். பள்ளியில் 94 வாங்கிய பெண் அங்கே முதல் இன்டர்னலில் பாதிக்கும் கீழே வந்து நிற்கலாம். கணக்கு தெரியும், ஆசிரியர் பேசும் வேகமும் ஆங்கிலமும் பிடிபடாது. மூன்று மாதத்தில் காது பழகிவிடும். அந்த மூன்று மாதத்துக்குள் 'இது நமக்கு ஒத்துவராது' என்று அவள் முடிவெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. கிண்டியில் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ் வழியிலும் படிக்கலாம், 2010-லிருந்து நடக்கிறது. மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் தனியாக உண்டு. ஆனால் பள்ளியிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒன்றாவதிலிருந்து தமிழில் படித்த உங்கள் மகளுக்கு இது பொருந்தும். பொதுப்பணித் துறை, நெடுஞ்சாலைத் துறை என்று அரசு வேலையில் கண் இருந்தால் தமிழ் வழி சிவிலைப் பட்டியலில் மேலேயே போடலாம். தனியார் வேலைதான் குறி என்றால் ஆங்கில வழியே போகட்டும்.

செலவு. இப்போது கேட்கிற இரண்டே முக்கால் லட்சத்தில் கிண்டியில் நாலு வருஷக் கல்லூரிக் கட்டணத்தையும் பெரும்பாலும் முடித்துவிடலாம், ஹாஸ்டல் இல்லாமல் வீட்டிலிருந்து போய் வந்தால். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் டியூஷன் கட்டணத்திலும் விலக்கு. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன் பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லை என்று தாசில்தார் அலுவலகம் தரும் சான்று அது, இ-சேவையில் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு ஆள் வரும், கையெழுத்துக்கு நாளாகும், ஆகவே இந்த வாரம் ஓட வேண்டிய ஓட்டம் இதற்கு. கூடவே வருமானச் சான்றும். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் எம்பிசி நலத்துறை உதவித்தொகைக்கு அது வேண்டும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் பேங்க் கணக்குக்கு வரும். முதலில் அரசுப் பள்ளிப் பெண்களுக்கு மட்டும் இருந்தது, பிறகு எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் நீட்டினார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே பதிவு செய்வார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. வீட்டுக்காரர் மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர் என்றால் பிள்ளைகள் படிப்புக்கு அங்கேயும் ஒரு தொகை உண்டு, சொசைட்டியில் கேளுங்கள்.

ஆக, பெயர் பெற்ற அரசுக் கல்லூரி நம் கைக்கு எட்டாத சங்கதி என்று உங்கள் தெரிந்தவர் சொன்னது தலைகீழ்க் கணக்கு. உங்களுக்கு எட்டாதது அந்தத் தனியார் கல்லூரிதான்.

பிரசிடென்சி, அதாவது மாநிலக் கல்லூரி பற்றி. 1840-லிருந்து இருக்கும் கல்லூரி. சர் சி.வி. ராமன், சந்திரசேகர் என்று இயற்பியலில் நோபல் வாங்கிய இருவர் படித்த இடம். இன்றைய நிலையையும் சொல்ல வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் பல காலியாக இருந்து கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுகிறார்கள். வகுப்பு எப்படி நடக்கிறது என்பது துறைக்குத் துறை மாறும். கல்லூரி திறந்த பிறகு ஒரு வேலை நாளில் மகளோடு போய்க் கணிதத் துறை வாசலில் நில்லுங்கள். டைம் டேபிள் போர்டைப் பாருங்கள். இரண்டாம் வருஷப் பெண்கள் இருவரைப் பிடித்து, மதியம் வகுப்பு நடக்கிறதா, லைப்ரரியில் உட்கார விடுகிறார்களா என்று கேளுங்கள். நான் இங்கே எழுதுவதைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

பி.எஸ்சி. கணிதம் வேஸ்ட் என்று தெருவில் சொல்வதை நான் ஏற்கவில்லை. கணக்கை உண்மையாகவே நேசிக்கிற பிள்ளை அங்கே மூன்று வருஷம் படித்து, ஜாம் என்கிற தேர்வை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. சேரலாம். சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் முதுகலைக்குத்தான். 'யுனிவர்சிட்டியில் நேரா சேர்க்கணும்' என்று பிளஸ் டூ முடித்ததுமே அங்கே போய் நிற்காதீர்கள். ஆனால் மனம் ஒட்டாமல், இஞ்சினியரிங் கிடைக்கவில்லையே என்று சேர்ந்தால் மூன்று வருஷமும் கரைந்துவிடும். இதை மகள்தான் சொல்ல வேண்டும். 'டீச்சர் சொல்லாத கணக்கையும் போட்டுப் பார்ப்பாயா' என்று கேளுங்கள், அவள் முகத்தில் தெரிந்துவிடும்.

எப்படியானாலும் அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிடுங்கள். பதிவுக் கட்டணத்தோடு சேர்த்து 50 ரூபாய்தான். பிரசிடென்சி, ராணி மேரி, உங்களுக்குப் பக்கத்தில் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, மூன்றையும் போடுங்கள். இந்தக் கலந்தாய்வு இஞ்சினியரிங்குக்கு முன்பே முடிந்துவிடும், கையில் ஓர் இடம் இருக்கும். ஆகஸ்டில் கிண்டியோ எம்ஐடியோ கிடைத்தால் டிசியை வாங்கிக்கொண்டு மாறிக்கொள்ளலாம். சேர்க்கும் முன் எல்லாச் சான்றிதழ்களையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், ஸ்கேன் செய்து மகளின் மெயிலுக்கும் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்துவைக்கும் கல்லூரிகள் உண்டு. அப்படி வைத்திருக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி அனுமதிப்பதில்லை. ஒரிஜினல் கேட்டால் 'சேரும் நாளில் காட்டுகிறோம்' என்று சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் பயப்படுவதை நான் லேசாக எடுக்கவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் 'ரூட்டு' என்று பையன்கள் அடித்துக்கொள்வதை டிவியில் பார்க்கிற எந்த அப்பாவுக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் அது பெரும்பாலும் சில கல்லூரிப் பையன்கள், சில ரூட்டுகள், ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருக்கிற கூட்டங்கள். கணித வகுப்புக்குப் போகும் பெண் அதற்குள் வருவதில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மாறாமல் கிண்டி வரை போகலாம், சின்னமலையில் இறங்கியும் பஸ் பிடிக்கலாம். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. எம்ஐடி என்றால் ராயபுரத்தில் ஏறி பீச்சில் மாறி, தாம்பரம் ரயிலில் மகளிர் பெட்டியில் குரோம்பேட்டை. ஒரு நாள் அவரையே மகளோடு அந்த வழியில் போய்வரச் சொல்லுங்கள், தடைக்காலத்தில் அவருக்கும் நேரம் இருக்குமே.

யாராவது திருச்சி என்ஐடி என்று சொன்னால், அது இந்த ஆண்டு இல்லை. மகள் ஜேஇஇ எழுதவில்லை என்றால் அந்தக் கதவு மூடிவிட்டது, அதை நினைத்து உருகுவதில் பலனில்லை.

கடைசியாகச் சின்னவன். அவனைத் தனியார் பள்ளிக்கு மாற்றாதீர்கள், இதை அழுத்தியே சொல்கிறேன். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும், எய்டட் பள்ளி சேராது. உங்கள் மகளுக்கு இது கிடைக்காமல் போனதற்குக் காரணம் அதுதான். 'எய்டட்டும் கவர்மென்ட் சம்பளம்தானே' என்று வாதம் செய்தாலும் நடக்காது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு செலவு. மகளுக்கு எட்டாத பிரிவு தம்பிக்கு இதே மார்க்கில் எட்ட வாய்ப்பு இருக்கிறது. பிளஸ் ஒன்னில் பள்ளி மாறிய அன்றைக்கே அந்த உரிமை போய்விடும், திரும்ப வந்து சேர்ந்தாலும் வராது.

பள்ளி சரியில்லை என்று தோன்றினால் இன்னொரு அரசுப் பள்ளியோ மாநகராட்சிப் பள்ளியோ பாருங்கள், கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி குரூப்பும் நல்ல கணக்கு வாத்தியாரும் உள்ள இடமாக. அரசுப் பள்ளியிலிருந்து ஐஐடி போன்ற முதன்மை நிறுவனங்களுக்குப் போகும் பிள்ளைகளின் பட்டப்படிப்புச் செலவை மாநில அரசே ஏற்கிறது. அதற்கு அவன் பிளஸ் டூ படிக்கும் ஜனவரியில் ஜேஇஇ மெயின் எழுத வேண்டும். அதன் விண்ணப்பம் முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்து முடிந்துவிடும். பள்ளியில் சொல்வார்கள் என்று காத்திருக்காமல், அவன் பிளஸ் டூ போகும் ஆண்டின் அக்டோபரிலிருந்தே அக்காவைத் தினம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.